மடையின் திறப்பு யார் கையில்?

கப்பல்துறை என்னும் பெயரிலேயே கப்பலும் இருக்கிறது, துறையும் இருக்கிறது. திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள அவ்வூரிலிருந்து தம்பலகாமம் நோக்கிப் புறப்படுபவர் சிறிது நேரத்திற்குள் கடற்காற்றை விட்டு வயற்காற்றிற் புகுவர். ஒருபுறம் உலகக் கப்பல்களை எதிர்நோக்கும் துறை. மறுபுறம் கந்தளாய்க் குளத்து நீரை எதிர்நோக்கும் வயல். இவ்விரண்டையும் ஒரே நாளிற் பார்த்துத் திரும்பும் தமிழன் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. இவற்றின் திறப்பு யார் கையில் இருக்கிறது?

துறையின் திறப்பு நம் கையில் என்றுமே இருந்ததில்லை. 1957 வரை அது பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. பின்னர் கொழும்பின் கைக்கு மாறிற்று. அந்நியர் கட்டிவைத்துப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளின் விதி 2003இல் ஒருமுறையும், 2022 சனவரியில் மறுமுறையும் எழுதப்பட்டது. இந்தியன் எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு 24, இருவர்க்கும் பொதுவான நிறுவனத்திற்கு 61 என்று பங்கு பிரிக்கப்பட்டது. பேசியவை இரண்டு அரசுகள். திருமலை வாசிகளிற் பெரும்பாலோர் அதைச் செய்தித்தாளிற் படித்தே அறிந்தனர்.

துறைமுகம் பெரிய விடயம், அரசுகளின் விடயம் என்று சிலர் கூறக்கூடும். அவ்வாதத்தை இன்று நாம் தொடரவில்லை. குளத்து நீரையே எடுத்துக்கொள்வோம். எந்த நாளில் மடையைத் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர் விடுவது, கடைமடைக்காரனின் பயிர் கருகினால் யார் பொறுப்பு என்பனவற்றுக்கு உலக அரசியல் வேண்டாம். அவ்வயலில் இறங்கி நிற்பவன் அறிவான். ஆயினும் அவற்றின் தீர்மானமும் ஆண்டாண்டாக மேலிருந்தே இறங்கி வந்திருக்கிறது. மத்தியின் கட்டளை, மக்களின் தன்னாட்சி என்ற பெருவழக்கு நம் நாட்டில் முதன்முதல் நடந்த இடம் பாராளுமன்றம் அன்று. வாய்க்கால் வரம்பே என்பது நமது கருத்து. அவ்வழக்கின் வரலாற்றை உழவரும் உத்தியோகத்தரும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டும்.

கட்டியவரும் காத்தவரும்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது நமது மரபு. இரண்டாம் அக்கபோதி என்பது பாளி நூலின் கூற்று. இதுபற்றி வாதிடுவோர் பலர். அக்குளத்தை நூற்றாண்டுகளாகக் காத்தவர் யார் என்று கேட்பவரோ மிகச் சிலர். அணையிற் புற்று விழுந்தால் அடைத்தவர், வாய்க்காலில் வண்டல் படிந்தால் வெட்டி எறிந்தவர், இரவில் நீர் திருடப்படாமல் விழித்திருந்தவர் ஆகியோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கோயிற்றொழும்பையும் அதற்குரிய பங்கையும் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குப் பிரித்துக் கூறுவதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கடமை இன்னார்க்கு இவ்வளவு, உரிமை இன்னார்க்கு இவ்வளவு என்ற ஒழுங்கு இந்நிலத்திற்குப் புதிதன்று.

அவ்வொழுங்கை நாம் பொற்காலம் என்று பாடவரவில்லை. அதிற் குலவேற்றுமை இருந்தது. பிறப்பினால் ஒருவன் தலையில் ஏற்றப்பட்ட சுமை இருந்தது. தமிழகத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையையும் ஏரி வாரியத்தையும் பேசும் அக்கல்வெட்டுகள் கூட, நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு பிரிவினர்க்கே அவ்வுரிமையை ஒதுக்கின. குற்றத்தைக் குற்றம் என்றே சொல்வோம். ஆயினும் அக்கல்லில் உள்ள ஒரு விதியை இன்றைய சங்கத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் விலகியவனும் அவன் உறவினரும் மீண்டும் குடத்தில் ஓலையிடத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. ஏரியை ஊரார் ஆண்டனர். ஆண்டவரைக் கணக்கு ஆண்டது.

இலங்கையில் இவ்வழமை 1832இற் பெரும் அடி வாங்கியது. அவ்வாண்டு இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதனோடு பின்னிக் கிடந்த குளப் பராமரிப்பும் அறுந்து போயிற்று. பழைய கட்டை அவிழ்த்தவர்கள் புதிய கட்டொன்றைப் போட மறந்தார்கள். குளங்கள் தூர்ந்தன, வயல்கள் காடாயின. இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே வெள்ளை அரசு விழித்துக்கொண்டது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. கமக்காரர் கூடித் தம் பழைய வழமைகளை விதிகளாக ஏற்கவும், மீறியவனை ஊரவரே விசாரிக்கவும் அது வழிவிட்டது. அந்நியனுடைய ஏகாதிபத்தியம் கூட, கந்தோரிலிருந்து மடை திறக்க முடியாது என்பதை அனுபவத்தால் உணர்ந்தது. நம்மவர் ஆட்சிக்கு அவ்வுணர்வு எத்தனை காலம் நிலைத்தது என்பதை இனிப் பார்ப்போம்.

1958 தந்தது, 1973 பறித்தது

சுதந்திரத்திற்குப் பின்னரும் நீரைப் பங்கிடும் பொறுப்புக் கிழக்கில் வட்டவிதானை என்றும், சிங்களப் பகுதிகளில் வெல்விதானை என்றும் வழங்கப்பட்டவரிடமே இருந்தது. நல்ல விதானைமார் இருந்தனர். நிலவுடைமையாளரின் நிழலாக நின்றவரும் இருந்தனர். 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் அப்பதவியை அகற்றிற்று. அதன் கடமைகள் கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கொண்டுவந்தவர் மந்திரி பிலிப் குணவர்த்தனா. குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பும், உழுபவனுக்கு வாக்கும் தந்த சட்டம் அது. அதன் குறைகள் பல. பெருநிலக்காரர் அதை முடக்க வழி தேடினர். ஆயினும் வயலின் காரியத்தை வயற்காரனிடம் விடுவது என்ற நெறி நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அதே காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1957 யூலை 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவும் திரு. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், மீன்பிடி, நீர்வழங்கல் முதலியவற்றைப் பிரதேச சபைகளிடம் விடுவதென்று அதிற் காணப்பட்டது. 1958 ஏப்ரிலில் அது கிழித்தெறியப்பட்டது. அஃதாவது, ஊருக்கு ஒரு குழு கிடைத்தது. அக்குழுவுக்கு மேலே நின்று அதைக் காக்கும் பிரதேச சபை கிடைக்கவில்லை. வயலுக்கு வரம்பு கட்டிக் குளத்துக்கு அணை கட்டாமல் விட்டது போன்ற செயல் அது.

விளைவு பதினைந்து ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1972இல் விவசாய உற்பத்திச் சட்டம் வந்தது. மந்திரி நியமிக்கும் குழுக்கள் வந்தன. 1973ஆம் ஆண்டின் விவசாயக் காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுவின் தேர்தலையே நீக்கியது. தெரிவு போய் நியமனம் வந்தது. வயலைத் தெரிந்தவன் இருந்த இடத்திற் கட்சியைத் தெரிந்தவன் அமர்ந்தான். 1979இற் புதிய அரசின் கமநல சேவைச் சட்டம் அக்குழுக்களையே இல்லாமற் செய்து, சம்பளம் பெறும் அலுவலரை அவ்விடத்தில் வைத்தது. ஒரு கட்சி வளைத்தது. மறு கட்சி ஒடித்தது. இரு பெருங் கட்சிகளும் எதில் வேறுபட்டாலும், ஊரவன் கையிலிருந்து திறப்பை வாங்குவதில் ஒன்றுபட்டன.

கூட்டுறவு இயக்கத்திற்கும் இதுவே நேர்ந்தது. 1911இல் சட்டம் பெற்று, ஊர் ஊராக வேரூன்றி வளர்ந்த சிறு சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1970க்குப் பின் அவை சில நூறு பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. இயக்குநர் சபைகளிற் பெரும்பான்மையோரை நியமிக்கும் அதிகாரம் மேலிடத்திற்குப் போயிற்று. சங்கம் பெருத்தது; அங்கத்தவன் சிறுத்தான். தன் சங்கம் என்ற சொல் போய், அரசாங்கக் கடை என்ற சொல் வந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. ஒரு சட்டத்தாற் கொடுக்கப்பட்டது இன்னொரு சட்டத்தால் எடுக்கப்படும். அடியில் ஊர்க்குழு, அதன்மேற் குளத்துக்குழு, அதன்மேல் மாகாணம், அதன்மேல் மத்தி என்று ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, ஒவ்வொன்றும் தனக்குரியதைத் தானே ஆளும்போதுதான் தன்னாட்சி நிலைக்கும். மேலே காப்பு இல்லாத ஊர்க்குழு காற்றில் பறக்கும். அடியில் ஊர்க்குழு இல்லாத மாகாண சபையோ வேரில்லாத மரம்.

கல்லோயா கற்பித்தது

கமக்காரன் தானே ஆளும் தகுதி அற்றவன், அவனை விட்டால் அடிபிடியில் முடியும் என்று கூறும் பெரிய மனிதர்கள் அக்காலத்திலும் இருந்தனர், இக்காலத்திலும் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் கல்லோயாவைக் காட்டுவோம்.

கல்லோயா என்றதும் தமிழர் நெஞ்சம் துணுக்குறும். 1956 யூன் மாதத்தில் தமிழர் இரத்தம் சிந்திய இடம் அது. அத்திட்டத்தின் குடியேற்றம் நம் மக்களின் நெஞ்சில் இட்ட வடு இன்னும் ஆறவில்லை. அதே கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்களில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததை அறிந்தவர் நம்மிற் சிலரே. மேல்மடையில் இருந்தவர் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடையில் இருந்தவர்களில் தமிழர் பலர். மேல்மடையார் வேண்டியமட்டும் பாய்ச்சுவர். கடைமடைக்கு நீர் எட்டாது. மதகுக் கதவுகள் உடைக்கப்பட்டன. அதிகாரிகள் விவசாயியைக் குறைகூறினர். விவசாயி அதிகாரியைக் குறைகூறினான்.

கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளைஞர் சிலரை அவ்வாய்க்கால்களுக்கு அனுப்பின. சங்கம் அமையுங்கள் என்று அவ்விளைஞர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு சிறு வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து குடும்பங்களை ஒன்றுகூட்டி, முதலில் எதைத் திருத்தலாம் என்று கேட்டனர். வாய்க்கால் வெட்டப்பட்டது. முறைநீர் வகுக்கப்பட்டது. வேலை முந்தி வந்தது. அமைப்பு அதன் பின்னே வந்தது. தலைவனை வாக்குச்சண்டையால் அன்றி, யாவர்க்கும் இசைவானவன் யார் என்று பேசித் தெரிந்தனர். சிறு வாய்க்காற் குழுக்கள் இணைந்து பெருவாய்க்காற் குழுவாயின. அவை மேலும் இணைந்து அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமர்ந்தன. நீரைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று அம்முயற்சியில் நேரிற் பங்குகொண்ட பேராசிரியர் நோமன் அப்ஹொவ் எழுதினார். இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. மேல்மடைச் சிங்கள விவசாயி தன் பங்கைக் குறைத்துக் கடைமடைத் தமிழ் விவசாயிக்கு நீர் விட்டான். 1983இல் நாடு தீப்பற்றி எரிந்த காலத்தை அடுத்துப் பார்க்கும்போது இதன் அருமை விளங்கும்.

இதனால் இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அவ்வளவு பேதைகள் அல்லோம். குடியேற்றத்தால் இழைத்த அநீதியை வாய்க்கால் நட்பு கழுவிவிடாது. ஆயினும் கொழும்பிலிருந்து வந்த கட்டளை பகையை வளர்த்த அதே மண்ணில், வாய்க்கால் வரம்பில் கூடிய சிறு கூட்டம் நியாயத்தை வளர்த்தது என்பதை எவர் மறுப்பர்?

உலகமும் இதையே கூறுகிறது. எலினோர் ஒஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார் பொதுச் சொத்துகளை மக்கள் தாமே ஆளும் முறைகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். 1990இல் வெளிவந்த அவரது நூல் கல்லோயாவையும் எடுத்துப் பேசுகிறது. 2009இற் பொருளியலுக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் கண்ட நெறிகள் நம் முதியோர் அறியாதன அல்ல. யாருக்குப் பங்கு உண்டு என்ற எல்லை தெளிவாக இருத்தல் வேண்டும். விதியை அதற்குட்படுவோரே ஆக்குதல் வேண்டும். காவலன் ஊராருக்குப் பொறுப்பாக இருத்தல் வேண்டும். தண்டம் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். வழக்கைத் தீர்க்க அண்மையிலேயே மன்று இருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அரணாக, மக்கள் தாமே அமைத்த ஒழுங்கை அரசு கலைக்காதிருத்தல் வேண்டும்.

இசுப்பானிய நாட்டு வலென்சியா நகரில் இன்றும் வியாழக்கிழமை தோறும் பேராலய வாயிலில் நீர் மன்று கூடுகிறது. விவசாயிகள் தெரிவுசெய்த விவசாயிகளே நீதிபதிகள். வழக்குரைஞர் இல்லை, வாய்மொழியே விசாரணை. எத்தனையோ அரசுகள் அந்நாட்டில் எழுந்து விழுந்தன, அம்மன்று விழவில்லை. இதற்கு மாறாக, யூகோசிலாவியா 1950இலேயே தொழிலாளர் தன்னாட்சியைச் சட்டமாக்கியது. தொழிற்சாலை தோறும் தொழிலாளர் சபைகள் அமைந்தன. ஆனால் எல்லாச் சபைக்கும் மேலே ஒரே கட்சி உட்கார்ந்திருந்தது. 1990களில் அந்நாடு உடைந்து சிதறியபோது அச்சபைகளால் எதையும் காக்க முடியவில்லை. தன்னாட்சி என்று பலகை மாட்டினாற் போதாது. திறப்பும் கைக்கு வரவேண்டும்.

ஒரு பேனை முனையும் ஒரு மடைக் கதவும்

மத்தியின் கட்டளை எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிய நாம் பழங்கதைக்குப் போகவேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடுக்கப்பட்டது. பயிர்ச்செய்கைக் கூட்டங்களிற் கேட்கவில்லை. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்ததைச் செவிமடுக்கவில்லை. சேதனப் பசளை நல்லதா, கெட்டதா என்பது வேறு விடயம். தன் வயலில் எதை, எப்போது, எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சிறிது சிறிதாகச் சோதித்துப் பார்க்கும் உரிமை உழவனுக்கு மறுக்கப்பட்டது என்பதே குற்றம். நவெம்பரில் அரசு பின்வாங்கியது. அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று; நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது; அரிசி கடல்கடந்து வந்தது. ஓர் ஊர் தவறு செய்தால் ஓர் ஊர் வயல் கெடும். அயலூர் அதைப் பார்த்துத் திருந்தும். மத்தி தவறு செய்தால் நாடு முழுதும் ஒரே நாளிற் கெடும். பார்த்துத் திருந்துவதற்கு அயல் இராது.

இனி நம் பக்கத்தையும் பேசுவோம். கசந்தாலும் பேசுவோம். 2006 யூலையில் இம்மாவட்டத்தின் மாவிலாற்று மடைக்கதவு மூடப்பட்டது. அது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதி. அரசு வான்குண்டு வீசிற்று, தரைப்படை நகர்ந்தது. அங்கு மூண்ட தீ 2009 மே வரை அணையவில்லை. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் சேருவிலையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அலைக்கழிந்தனர். கதவை மூடியவர் கூறிய காரணங்கள் உண்டு. திறக்கப் போனவர் கூறிய காரணங்களும் உண்டு. அந்த நீரை நம்பி விதைத்த கமக்காரனிடம் திறப்பு இருக்கவில்லை என்பதே நாம் இங்குக் கூறவருவது. அரசின் கையில் இருந்தால் அடக்குமுறை, நம்மவர் கையில் இருந்தால் விடுதலை என்று எண்ணினோமாயின், நாம் ஒன்றையும் கற்கவில்லை. உழுபவனைக் கேளாமல் மடையை ஆளும் கை எந்த மொழி பேசினாலும் அது மத்தியின் கையே.

நம் வீட்டு மத்தி

1987இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம் விவசாயத்தையும் கூட்டுறவையும் மாகாணத்திற்கு அளித்தது. நீர்ப்பாசனத்தை அளிக்கும்போது மட்டும், பல மாகாணங்களூடே பாயும் நதிகளின் திட்டங்களை மத்திக்கு ஒதுக்கிக்கொண்டது. 1976இற் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் கந்தளாய் வரை வருகிறது. மாகாணத்தின் பெருங் குளம் மாகாணத்தின் கையில் இல்லை என்பதன் பொருள் இதுவே. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே, ஆளுநரின் ஆட்சியிலேயே கழிந்தன. இந்த அநீதியை நாம் கண்டிக்கிறோம், கண்டித்துக்கொண்டே இருப்போம்.

ஆனால் ஒரு கேள்வி. கொழும்பிடம் தன்னாட்சி கேட்கும் நாம், நமது சங்கங்களுக்குள் அதை வைத்திருக்கிறோமா?

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாய அமைப்புகளுக்குச் சட்ட உருவம் தந்திருக்கிறது. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. வாசகர்கள் தத்தம் ஊரை எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை அமைப்புகளில் ஒருவரே பத்தாண்டு தலைவராக இருக்கிறார்? எத்தனை கூட்டங்களில் வரவுசெலவு வாய்விட்டு வாசிக்கப்படுகிறது? கடைமடைக்காரன் எழுந்து பேசினால் அவனை இருக்கச் சொல்பவர் யார்? உறுதி மனைவி பெயரிலும் பேச்சுக் கணவன் வாயிலும் இருப்பது எந்த நியாயம்? உழுபவன் குத்தகைக்காரன், கையெழுத்திடுபவன் பட்டணத்திலிருக்கும் சொந்தக்காரன் என்றால், அது யாருடைய அமைப்பு? வட்டவிதானை போய்விட்டார் என்கிறோம். அவருடைய கதிரை போகவில்லை.

படித்தவர்களாகிய நம்மிற் சிலர்க்கு வேறொரு நோய் உண்டு. வழக்குரைஞர், வைத்தியர், பொறியியலாளர், ஓய்வுபெற்ற அதிபர் ஆகியோர் ஊருக்கு வந்ததும் அவர்க்கெனத் தலைமைக் கதிரை காத்திருக்கிறது. மறுப்பது மரியாதைக்குறைவு என்று ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றபின் நாமே தீர்மானிக்கிறோம். நாமே கடிதம் எழுதுகிறோம். நாமே மந்திரியைக் காண்கிறோம். காரியம் விரைவாக முடிகிறது என்பது உண்மை. நாம் விலகிய மறுநாள் அந்தச் சங்கம் படுத்துவிடுகிறது என்பதும் உண்மை. மக்களுக்காகச் செய்வது வேறு. மக்கள் செய்ய உடனிருப்பது வேறு. முன்னது எவ்வளவு அன்பாகச் செய்யப்பட்டாலும் ஒரு சிறு மத்தியாட்சியே.

இனிச் செய்யவேண்டியவை

மத்தியே வேண்டாம் என்பது நமது வாதம் அன்று. 1986 ஏப்ரில் 20ஆந் திகதி அதிகாலையிற் கந்தளாய்க் குளத்து அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அத்தகைய பேரணையைக் காக்கப் பொறியியல் வேண்டும், பெரும்பணம் வேண்டும், அரசு வேண்டும். பல மாகாணங்களுக்கிடையே நீரைப் பங்கிடவும் ஒரு பொதுமன்று வேண்டும். ஊரால் முடியாததை அரசு செய்யட்டும். ஊரால் முடிவதை ஊரிடம் விடட்டும். இதுவே நாம் வகுக்கும் எல்லை. சில ஆண்டுகளாக அதிகாரிகள் மக்கட் பங்களிப்பு என்ற சொல்லை விரும்பிப் பேசுகின்றனர். வாய்க்கால் துப்புரவும் செலவும் விவசாயிக்கு, மடைத் தீர்மானம் திணைக்களத்திற்கு என்பதே அதன் பொருளானால், பழைய ஊழியத்திற்குப் புதிய பெயர் வைத்தது போலாகும். சுமையைத் தருபவர் திறப்பையும் தரவேண்டும்.

அரசை நோக்கி நாம் கேட்பது இது. குளத்தின் ஆரம்ப நீர்மட்டத்தை அளந்து அறிவிப்பதும், அணையின் பாதுகாப்பைக் கூறுவதும் பொறியியலாளரின் கடமையாகட்டும். அந்நீரை எப்பயிருக்கு, எந்நாளில், எம்முறையில் பங்கிடுவது என்பதைக் குளத்துக்குழு தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்தை அதிகாரி மாற்றுவதாயின் காரணத்தை எழுத்திற் கொடுக்கட்டும். கந்தளாயிற் சிங்களவரும், தம்பலகாமத்திற் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரை உண்பதால், குழுவின் குறிப்புகள் இரு மொழியிலும் இருக்கட்டும். இந்த உரிமை சுற்றறிக்கையால் வராமல், மத்தி தனித்துக் கலைக்க முடியாத சட்டத்தால் வரட்டும். மாகாண சபை அதன் காவலாகட்டும்.

நம்மவரை நோக்கி நாம் கேட்பது இதனினும் எளிது, அதனாலேயே கடினம். சிறு வாய்க்காலிலிருந்து தொடங்குவோம். பத்துப் பதினைந்து குடும்பம் கூடி ஒரு வேலையை முடித்தபின் பெரிய சங்கத்தைப் பற்றிப் பேசுவோம். அறுவடை முடிந்ததும் கணக்கைக் களத்திலோ கோயில் முன்றலிலோ உரத்து வாசிப்போம். கணக்குக் காட்டாதவர் மறுமுறை நிற்கலாகாது என்ற பழைய கல்லின் விதியை இன்றைய யாப்பில் எழுதுவோம். தலைவர் பதவிக்குக் கால எல்லை வைப்போம். கடைமடைக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம், உழும் குத்தகைக்காரனுக்கு வாக்கு என்று எழுதுவோம். நீர் திருடியவனை உடனே பொலிசுக்கு இழுக்காமல், முதற்பிழைக்குச் சொல், மறுபிழைக்குத் தண்டம் என்று ஊரே வழங்கும் நீதியைப் பழகுவோம்.

படித்த பெருமக்களுக்கு ஒரு சொல். தலைமைக் கதிரையை மறுத்து, பின்வாங்கில் அமருங்கள். கணக்காளர் கணக்கேட்டைத் திருத்திக் கொடுக்கட்டும். பொறியியலாளர் நீர் அளக்கும் முறையை வாய்க்காற் காவலனுக்குக் கற்பிக்கட்டும். வழக்குரைஞர் யாப்பை எழுதிக் கொடுத்து விலகட்டும். உங்கள் அறிவு தேவை. உங்கள் ஆட்சி தேவையில்லை.

இவையெல்லாம் சிறு காரியங்கள், பெரிய அரசியலுக்கு எவ்வகையில் உதவும் என்று கேட்போர் இருப்பர். 1957இன் உடன்படிக்கை கிழிக்கப்பட்டது. 1958இன் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1988இற் தெரிவான வடக்குக் கிழக்கு மாகாண சபை இரண்டாண்டு நிலைக்கவில்லை. இவற்றுள் எதுவும் கலைக்கப்பட்டபோது, இது என்னுடையது, விடமாட்டேன் என்று வயலிலிருந்து எழுந்துவந்த மக்கள் எத்தனை பேர்? தாம் ஒருநாளும் ஆண்டு பார்த்திராத ஒன்றை இழந்ததை மக்கள் எப்படி உணர்வர்? வாய்க்காலைத் தானே ஆண்டவன் மாகாணத்தின் பெறுமதியை அறிவான். அறிந்தவனிடமிருந்து அதைப் பறிப்பது எளிதன்று.

பெரும்போகம் வரும், மழை வரும், கூட்டத்திற்கு அழைப்பும் வரும். அன்று மேடையிலிருப்பவர் அறிவிப்பதைக் கேட்டுத் திரும்பப் போகிறோமா, அல்லது நம் வயலின் தீர்மானத்தை நாமே எடுத்துத் திரும்பப் போகிறோமா? மடையின் திறப்பைக் கேட்டுப் பெறுவதற்கு முன் அதைப் பிடிக்கும் கையைப் பழக்குவோம். அக்கை பழகிவிட்டால், திறப்பை நெடுங்காலம் எவரும் மறைத்துவைத்தல் இயலாது.